எல்லாவற்றுக்கும் சம்மதம்

ஆபீசில் அவருக்கு ‘ஒட்டு’ என்று பெயர். பாசத்தில் வைத்த பெயர் இல்லை. இணையப் பக்கத்தைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டரில் தனியாக ஓடும் புரோகிராமுக்குள் ஒட்டிவிடுவதில் மனிதர் கெட்டிக்காரர். உள்ளே இருப்பது பிரவுசர்தான். ஆனால் மேலே முகவரி தெரியாது, பாதுகாப்பானது என்று காட்டும் பூட்டுப் படம் தெரியாது, எங்கிருந்து எது வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி திரையில் உட்கார்ந்திருக்கும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டுக்கு அப்படி ஒன்று செய்து கொடுத்தார். ஆறு மெஷின், ஆறு கட்டில், நர்ஸ் மேஜையில் ஒரு திரை. யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும், யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அந்தத் திரையில்தான். திரையில் வரும் பக்கத்தை எழுதியது மெஷின் கம்பெனி. எல்லா பிரவுசரிலும் ஓட வேண்டுமானால் இப்படி எழுதுங்கள் என்று பொது விதிகள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், காலணா செலவில்லை. அந்தக் கம்பெனி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரே ஒரு பிரவுசரில் மட்டும் ஓடும்படி தன் இஷ்டத்துக்கு எழுதி வைத்திருந்தது. ஒட்டு அந்த பிரவுசரையே உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்.

வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வரப் பார்த்தால், ‘அனுமதிக்கலாமா?’ என்று ஒரு பெட்டி எழும்பும். மெஷின்கள் திரையோடு பேசும்போதும் எழும்பும். தலைமை நர்ஸ் ஒட்டுவைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு நாளைக்கு நாப்பது தடவை கேக்குது சார். ஒரு கையில ஊசி, ஒரு கையில டியூப். மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?”

ஒட்டு சிரித்துக்கொண்டே ஒரு வரி எழுதினார். யார் எது கேட்டாலும் புரோகிராமே ‘சரி’ சொல்லிவிடும். அன்றைக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

பிறகு அந்த பிரவுசரைச் செய்தவர்கள் அதைக் கைகழுவினார்கள். அதில் எங்கெங்கே ஓட்டை என்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும், அடைக்க ஆளில்லை. மெஷின் கம்பெனியும் கடையைக் கட்டியது. போன வருஷம் மூன்றாம் கட்டிலுக்கு ஒரு புது ஆள் வந்தார். ஒட்டுவின் அக்கா.

வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். கூட்டிக்கொண்டு போவது தம்பிதான். அக்காவின் ரத்தம் குழாயில் ஓடும். ஒட்டுவின் கண் திரையை விட்டு நகராது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரி மேனேஜரிடம் போனார்.

“யாராவது உள்ள புகுந்து ஒரு எண்ணை மாத்தினாகூடப் போதும் சார். ஆள் போயிடும்.”

“இதுவரைக்கும் யாராவது புகுந்தாங்களா?”

“தெரியாது சார். தெரியாதபடிக்குத்தான் நான் பண்ணி வச்சிருக்கேன்.”

“ஆறு மெஷினையும் மாத்தச் சொல்றீங்களா? மாத்தி முடிக்கிற வரைக்கும் உங்க அக்காவை எங்க படுக்க வைக்கிறது?”

அடுத்த டயாலிசிஸ் வார்டு எண்பது மைல் தள்ளி இருந்தது.

தன்னால் முடிந்தது ஒன்றுதான். அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டார். பெட்டி திரும்பி வந்தது. முகவரியைப் பெரிய எழுத்தில் காட்டினார், ‘வேண்டாம்’ பொத்தானுக்குச் சிவப்பு அடித்தார், ‘படித்துப் பார்த்து அமுக்கவும்’ என்று திரைக்கு மேலே காகிதம் ஒட்டினார். ஒரே வாரத்தில் அதன் மேல் நர்ஸ்கள் கையுறை சைஸ் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். பெட்டி எழும்புகிற சத்தத்துக்கும் ‘சரி’யை அமுக்குகிற சத்தத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை. அவர்கள் மேல் கோபப்படவும் அவரால் முடியவில்லை. வேலை கழுத்தை நெரிக்கிறது, பாவம்.

“படிச்சுப் பாருங்க சிஸ்டர்.”

“படிச்சா மட்டும் எனக்கு என்ன சார் புரியப் போகுது?” என்றார் தலைமை நர்ஸ். நியாயமான கேள்வி.

போன செவ்வாய்க்கிழமை, மூன்றாவது மணி நேரத்தில், அக்காவின் முகம் வெளுத்தது. “தம்பி, எனக்கு என்னமோ பண்ணுதுடா” என்றார். மெஷின் கத்தத் தொடங்கியது. பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது. தலைமை நர்ஸ் ஓடிவந்து தலைப்பக்கத்தைத் தாழ்த்தினார். பின்னாலேயே வந்த டாக்டர் ஊசி ஒன்றின் பெயரைச் சொன்னார்.

“இவங்களுக்கு ஒரு மருந்து ஆகாதே, அது எது?” என்று தலைமை நர்ஸ் கேட்டார். ஏதோ ஒன்று ஆகாது என்று ஒட்டுவுக்குத் தெரியும். பெயர் வரவில்லை.

“திரையைப் பாருங்க சார்!”

பாய்ந்து போய் அக்காவின் பக்கத்தைத் தட்டினார். பக்கம் வரவில்லை. பெட்டி வந்தது. அனுமதிக்கலாமா? பெரிய எழுத்தில், அவர் காட்டச் சொன்னபடியே, நீளமாக ஒரு முகவரி. ஆறு மெஷினின் முகவரியும் அவருக்கு மனப்பாடம். இது அந்த மாதிரி தொடங்கியது. நடுவில் ஏதோ வேறு மாதிரி இருந்தது. பின்னால் அக்கா முனகினார்.

ஒட்டு ‘சரி’யை அமுக்கினார்.

பக்கம் திறந்தது. ஆகாத மருந்தின் பெயரை உரக்கப் படித்தார். டாக்டர் சொன்ன ஊசியேதான். வேறு ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்தில் அக்காவின் உதட்டில் நிறம் திரும்பியது.

“ஏன்டா உன் முகம் இப்படி இருக்கு? எனக்குத்தான் சரியாயிடுச்சே” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா.”

திரும்பிப் பார்த்தார். பெட்டி மறைந்திருந்தது. திரையில் ஆறு கட்டில்களின் எண்களும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் சரியான எண்கள் மாதிரிதான் இருந்தன.