அம்மனிடம் நான் கேட்ட மாற்றம்

மூச்சு விடுவதே பெரிய வேலையாகிப் போன ஒரு காலம் எனக்கு இருந்தது. போன வருஷம் ஆடி மாதம் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் கட்டி தெரிந்தது. கொழும்புக்கு அனுப்பினார்கள். புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். நான் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். பீடி, சுருட்டு தொட்டதே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் அழவில்லை. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே.

அடுத்த முறை கொழும்புக்குப் போனபோது அங்கிருந்த டாக்டர் அம்மா சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். எல்லாருடைய புற்றுநோயும் ஒன்றல்ல. ஒரே மருந்து எல்லாருக்கும் கேட்காது. புகை பிடிக்காதவர்கள் பலருக்குக் கட்டியின் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்குமாம். அது இருந்தால் தினமும் போடுகிற மாத்திரை நன்றாகக் கேட்குமாம். ஆனால் கட்டியிலிருந்து முதலில் எடுத்த சதை அந்தச் சோதனைக்குப் போதவில்லை. திரும்பவும் ஊசி குத்தி எடுக்க வேண்டும்.

என் நாத்தனார் பயந்துவிட்டாள். “வேணாம் அண்ணி. திரும்பக் குத்துனா இன்னும் பரவிரும்னு சொல்றாங்க.”

நானும் கலங்கிப்போனேன். அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோவிலில் போய் உட்கார்ந்தேன். அதுவரை ‘இதை எடுத்துவிடு’ என்றுதான் வேண்டியிருந்தேன். அன்று தெளிவாகக் கேட்டேன்.

“தாயே, அந்த மாத்தம் எனக்கு இருக்கணும்.”

நோய்க்குள்ளேயே ஒன்று இருக்கட்டும் என்று வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குங்குமம் வாங்கும்போது நெஞ்சில் பயம் இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்: “குத்துனா குத்தட்டுங்க. நாம போறோம்.”

திரும்பவும் குத்தி எடுத்தார்கள். அதன் முடிவு சொல்ல டாக்டர் அம்மா கூப்பிட்டபோது அவர் முகத்தையே பார்த்தேன்.

“தியெனவா,” என்றார். இருக்கிறது!

என் கணவர் அங்கேயே நின்று அழுதார்.

மாத்திரை தொடங்கியதும் முகமெல்லாம் பரு வந்தது. அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? இருமல் குறைந்தது. படுத்துத் தூங்க முடிந்தது. அடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. இந்த வருஷத் திருவிழாவில் பால்குடம் தூக்கி மேடு ஏறினேன், நடுவில் எங்கும் நிற்காமல்.

நோய் முழுதாகப் போய்விடவில்லை. மருந்து கேட்காமல் போகும் நாளும் வரலாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். வரட்டும், அன்றைக்கு வேண்டியதையும் அம்மனிடமே கேட்பேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கலங்கிக் கிடந்தால் அம்மனை நம்பிக் கையெடுத்துக் கும்பிடுங்கள். கும்பிட்டு எழுந்ததும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள். எனக்கு அவள் அந்த வழியாகத்தான் வந்தாள்.