புகையில்லாத் தறிக்கூடம்

அம்மையார்குப்பத்தில் இருபது வருடமாக விசைத்தறி ஓட்டும் பெர்சிஸுக்கு, கூரையில் சோலார் போட்டதற்காகத் திருத்தணி மண்டபத்தில் 'புகையில்லாத் தறிக்கூடம்' கேடயம்.

"இந்தப் பக்கம் சோலார் ரெண்டு மடங்காயிடுச்சு. அப்போ புகை பாதியாயிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் மேடையிலிருந்த சோலார் கம்பெனிக்காரர்.

பெர்சிஸ் எழுந்தாள். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் தேவைப்படவில்லை.

"எப்பிடிங்க பாதியாவும்? சோலார் வந்த தைரியத்துல நாலு தறிய எட்டாக்கினேன். லைன் கரண்ட்டு முன்ன இழுத்த அளவு இப்பவும் இழுத்துகினுதான் கீறேன். லைன் போனா, அதோட இணைச்ச சோலாரும் நின்னுடுது. அப்போ எட்டு தறிக்கும் ஜெனரேட்டர்ல டீசல்தான் ஊத்துறேன். சோலார் பலகைய எண்ணினீங்களே, புகைய ஒருத்தராச்சும் வந்து பார்த்தீங்களா?"

"கேடயத்த வாங்கிக்கோங்கம்மா, போட்டோ எடுக்கணும்" என்றார் கம்பெனிக்காரர்.

"வாங்கிகினு போய் எங்க வைக்கட்டும்? ஜெனரேட்டர் மேலயா?"