மேல்மாடியிலிருந்து கூவிய அவுட்

கொட்டாஞ்சேனையில் அந்த உள்ளரங்கின் மேல்மாடியில் பெற்றோருக்கென்று வாங்குகள் போட்டிருந்தார்கள். நான் ஒன்றிலும் உட்காரவில்லை. கைபிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். கீழே மூன்று கோர்ட்டுகளிலும் ஒரே நேரத்தில் பட்மிண்டன் ஆட்டம். நடுக் கோர்ட்டில், முழங்கால் தாண்டித் தொங்கும் கழகச் சட்டையோடு என் மகள். பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டியின் முதல் சுற்று. ஒரே ஆட்டம், இருபத்தொரு புள்ளி.

அவளுடைய அடி எனக்குக் கவலையாக இருக்கவில்லை. அடிப்பாள். வாயைத் திறப்பாளா என்பதுதான் கவலை.

இந்தச் சின்னவர்களின் போட்டியில் கோட்டைப் பார்த்துச் சொல்ல ஆட்கள் இல்லை. புள்ளி சொல்ல மட்டும் ஒரு பிள்ளை நாற்காலியில் இருப்பாள். ஷட்டில் யாருடைய பக்கம் விழுகிறதோ அந்தப் பிள்ளைதான் 'இன்' அல்லது 'அவுட்' என்று உடனே, எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நின்றால் புள்ளி எதிராளிக்கு. வெளியிலிருந்து யாரும் சொல்லக் கூடாது. நுழைவுத் தாளின் கீழே அதை எழுதி, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். நானும் போட்டேன். இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.

என் மகள் வீட்டில் ஓயாமல் கதைப்பாள். வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் ஏறினால் ஊமை. காலி வீதிக் கடைக்காரர் "பிள்ளைக்கு என்ன வகுப்பு?" என்று கேட்டால் என் கைப்பைக்குப் பின்னால் ஒளிவாள்; பதில் நான் சொல்வேன். தவணை அறிக்கையில் வகுப்பாசிரியை 'எல்லாம் தெரியும், வாய் திறப்பதில்லை' என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து நான் கைபேசியில் வாசிக்காத கட்டுரை இல்லை. பிள்ளைக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள் என்றது ஒன்று. பிள்ளையை வற்புறுத்தாதீர்கள் என்றது இன்னொன்று. நான் காலையில் ஒன்றையும் பின்னேரம் மற்றதையும் செய்து பார்த்தேன்.

கடைசியில் பாமன்கடையில் ஒரு பட்மிண்டன் வகுப்பில் சேர்த்துவிட்டேன். அங்கே கதைக்கத் தேவையில்லை, ஓடினால் போதும் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய பிழைக் கணக்கு என்று முதல் கிழமையே தெரிந்தது. பயிற்றுவிக்கும் மிஸ் சிங்களப் பெண். பிள்ளைகளிடமே தமிழ் பழகியவர். புதுப் பிள்ளைகளின் கையில் அவர் ரக்கெட்டே கொடுப்பதில்லை. கோட்டுக்கு அருகே நிற்க வைத்து, ஷட்டில்களை ஒவ்வொன்றாக எறிவார். பிள்ளைகள் 'இன்', 'அவுட்' என்று கத்த வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

"துவ, கேக்கல்ல. பக்கத்து கோர்ட்டுக்கு கேக்கணும்" என்பார் என் மகளைப் பார்த்து; சிங்களத்தில் துவ என்றால் மகள்.

மூன்றாம் கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், அவள் கையைக் காட்டினால் போதாதா?" என்று கேட்டேன்.

"கை காட்ட ட்ராஃபிக் பொலிஸ் இருக்கு, அம்மா. இங்க வாய் வேணும்."

அப்படி எட்டு மாதம். பயிற்சியில் அவள் மெல்ல மெல்லச் சத்தம் வைக்கப் பழகியிருந்தாள். ஆனால் இது பயிற்சி இல்லை. இங்கே எல்லோரும் அந்நியர்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில் நான்குக்கு ஒன்பது; என் மகள்தான் பின்னால். இரண்டு ஷட்டில்கள் பின்கோட்டுக்கு அப்பால் பளிச்சென்று வெளியே விழுந்தன. என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு புள்ளியும் போயின. நான் கம்பியை இறுகப் பிடித்தேன்.

பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். முக்காடு போட்டு, கையில் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலோடு. எதிரே ஆடும் பிள்ளையின் தாய். தெமட்டகொடையிலிருந்து வந்ததாகச் சொன்னார்.

"உங்கட மகளா தங்கச்சி? என்ன, பேச்சே இல்ல?"

"வீட்டில வாய் மூட மாட்டாள் அக்கா. வெளியிலதான் இப்பிடி."

"எங்கடவளுக்கு நேர்மாறு. ரக்கெட்டுக்கும் சேத்து அவளே கதைப்பா. பாருங்களேன், அவுட்டுன்னு சொல்ற சத்தத்துல கூரை கழண்டுடும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பிள்ளை "அவுட்" என்று அலறியது. எனக்கு இவ்வளவு பதற்றத்திலும் சிரிப்பு வந்தது.

ஒன்பதுக்குப் பதினான்கில்தான் அது நடந்தது. உயர வந்த ஷட்டிலை என் மகள் அடிக்காமல் விட்டாள். அது பக்கக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. "அவுட்!" அவளுடைய குரல்தான். மேல்மாடி வரை கேட்டது. நான் பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துவிட்டேன், யாரென்று கூட யோசிக்காமல். அவரும் என் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய புள்ளிகள் ஏறின. பத்து, பதினொன்று, பதின்மூன்று. நெட்டுக்கு முன்னால் மெதுவாக ஒரு தட்டு. எதிராளிப் பிள்ளை விழுந்து எழும்பியது. பதினாறு ஓல், இருவரும் சமம். என் மகள் இப்போது ஒவ்வொரு முறையும் கோட்டைக் காட்டிக் காட்டிச் சொல்கிறாள். பக்கத்துப் பெண் "யா அல்லாஹ், இது என்ன ஆட்டம்" என்கிறார். பதினெட்டு ஓல். பத்தொன்பது ஓல்.

அப்போது வந்தது அந்த ஷட்டில். உயரப் போய், மின்விளக்குகளுக்குள் மறைந்து, என் மகளின் பின்மூலையில் இறங்கியது. அவள் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டாள். நான் நின்ற இடத்திலிருந்து அது வெளியே விழுந்தது தெளிவாகத் தெரிந்தது. அவள் தரையைக் குனிந்து பார்த்தாள். அரை நொடிதான் இருக்கும். பழையபடி வாய் அடைத்துவிட்டதென்று நினைத்தேன்.

"அவுட்!"

கூவியது நான். அரங்கு முழுக்கக் கேட்டது. கோர்ட்டோரம் நின்ற மிஸ் நிமிர்ந்து பார்த்தார். புள்ளி சொல்லும் பிள்ளை எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் முழித்தாள். மற்றக் கோர்ட்டுகளில்கூட ஆட்டம் நின்றது.

என் மகள் நிமிர்ந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ரக்கெட்டால் தரையைக் காட்டினாள்.

"இன்! அம்மா, கோட்டிலதான் விழுந்தது. நான் கிட்ட நிண்டு பார்த்தனான். நீங்கள் சொல்லாதேங்கோ!"

பத்தொன்பதுக்கு இருபது.

யாரோ கை தட்டினார்கள். பக்கத்துப் பெண் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "தங்கச்சி, மகள்கிட்ட நல்லா வாங்கிக் கட்டினீங்க" என்றார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, துள்ள வேண்டும் போல இருந்தது. நூறு பேருக்கு முன்னால், என்னைப் பார்த்து, என் பிள்ளை கத்தியிருக்கிறாள்!

அடுத்த புள்ளியை அவளே எடுத்தாள். இருபது ஓல். இனி இரண்டு புள்ளி முந்தினால்தான் வெற்றி. நான் சால்வை நுனியை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன். நீண்ட அடிகள், பிறகு அவள் அடித்த ஒரு ஷட்டில் நெட்டில் சிக்கியது. இன்னொன்று அவளுடைய தலைக்கு மேலால் போய்க் கோட்டுக்குள் இறங்கியது. அவளே "இன்" என்றாள். முடிந்தது. இருபதுக்கு இருபத்திரண்டு.

நான் படிகளில் ஓடி இறங்கினேன். அந்த ஒரு கூச்சலால்தான் அவள் தடுமாறினாளா? நான் வராமலே இருந்திருக்க வேண்டுமா? கீழே அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்; கண் சிவந்திருந்தது. தோற்ற பிள்ளைதான் அடுத்த ஆட்டத்துக்குப் புள்ளி சொல்ல வேண்டும் என்பது இந்தப் போட்டிகளின் வழக்கம். எனக்கு அது அந்த நேரத்தில் கொடுமையாகத் தெரிந்தது. பெயர் எழுதும் மேசைக்குப் போய், "என்ட மகளுக்குக் கொஞ்சம் ஏலாமல் இருக்கு, வேற பிள்ளையை இருத்தலாமா?" என்று கேட்கத் தொடங்கினேன்.

பின்னாலிருந்து மகள் என் சட்டையை இழுத்தாள்.

"எனக்கு ஒண்டும் இல்ல அம்மா. நான் போறன். அவை பார்த்துக்கொண்டு நிக்கினம்."

"அழுதனீங்கள் எல்லோ செல்லம்?"

"அது முடிஞ்சுது. நீங்கள் மேல போங்கோ."

மேலே போனேன். பக்கத்துப் பெண் ஒரு பட்டிஸை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பாதி தந்தார். கீழே என் மகள் அந்த உயரமான நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். "லவ் ஓல், ப்ளே!" என்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் குரல் நேராக வந்தது.

நான்காவது புள்ளியில் தகராறு. ஆடிய இரண்டு பிள்ளைகளும் அவளைவிட ஒரு தலை உயரம். ஒருத்தி ரக்கெட்டை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, "பிழை! டூ ஓல்!" என்றாள்.

"இல்ல. த்ரீ – வன். நான் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறன். சேர்வ் பண்ணுங்கோ."

உயரப் பிள்ளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு குனிந்து ஷட்டிலை எடுத்து எதிர்ப்பக்கம் தட்டிவிட்டாள். என் மகள் மேலே என்னைத் தேடுவாள் என்று பட்டிஸைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுடைய கண் கோட்டில் இருந்தது.