ரேடன் கருவிக்கு வைத்த பொட்டு

கண்டியில் எங்கள் வீட்டுப் பின்னறையை மலையை வெட்டித்தான் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கச் சுவர் வெறும் பாறை. இருப்பது ஒரே ஜன்னல். அதையும் குரங்குக்குப் பயந்து திறப்பதில்லை. என் குறட்டை பொறுக்காமல் மனைவி அந்த அறைக்குக் குடிபெயர்ந்து வருஷக்கணக்காகிறது. "சொர்க்கம்ங்க, ஏசி ரூம் மாதிரி" என்பாள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் கனடாவிலிருந்து அவள் தம்பி போன் பண்ணினான். பாறையிலிருந்து ரேடன் என்றொரு வாயு கசியுமாம். நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டமில்லாத அறையில் அது சேர்ந்து, நாள்பட சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாமாம். "அக்கா ரூமை முதல்ல அளந்து பாருங்க அத்தான்" என்று ஒரு கருவியையும் அனுப்பிவிட்டான். அவர்களுடைய அம்மா, என் மாமியார், ஒரு சுருட்டைக்கூடத் தொடாமல் அந்த நோயில்தான் போனார். கடைசியில் அவர் மூச்சுக்குப் பட்ட பாட்டை நானும் மனைவியும் பக்கத்தில் இருந்து பார்த்தோம்.

கருவியைப் பின்னறை மேசையில் வைத்தேன். தினமும் போய்ப் பார்த்தேன். எண் ஏறவே இல்லை, பச்சை விளக்குதான். மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தீங்களா? என்னைய இங்கருந்து கிளப்பலாம்னு பார்த்தீங்க!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினாள். நானும் நிம்மதியாகப் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. "அத்தான், அதில என்ன மஞ்சளும் சிவப்பும்?"

சந்தனமும் குங்குமமும். எங்கள் வீட்டுக்குள் புதுச்சாமான் எதுவும் பொட்டில்லாமல் நுழையாது. ஃபிரிட்ஜுக்கு உண்டு, மிக்சிக்கு உண்டு, என் பிரஷர் பார்க்கும் மெஷினுக்கும் உண்டு. இதற்கு நெற்றி எதுவென்று தெரியாமல், மனைவி ஓட்டைகள் உள்ள பக்கம்தான் முகமென்று முடிவுகட்டி, அத்தனையும் அடைபட அப்பியிருந்தாள். உள்ளே காற்றே போகவில்லை.

"நோய் பார்க்க வந்த டொக்டர் மூக்கையே பொத்திட்டியேடி!"

"சாமி பொட்டைக் குறை சொல்லாதீங்க!"

பல்குத்தும் குச்சியால் ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டி எடுத்தேன். சில நாளில் எண் கிடுகிடுவென்று ஏறிச் சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்யும்வரை அங்கே யாரும் படுக்கக் கூடாதென்றான் மச்சான். வீடுவீடாக டெங்கு பார்க்க வரும் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கருவியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, இதில் தண்ணீர் தேங்குமா என்று கேட்டார். தேங்காதென்றேன். அப்படியென்றால் நுளம்பு முட்டையிடாது, பயமில்லை என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மனைவிக்கு அது போதுமாக இருந்தது. "உங்க குறட்டையில சாகுறதுக்கு இதில சாகுறேன்" என்று கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனேன். "நீ முன்னறைக்குப் போ. கதவைச் சாத்திக்க. இனி நான் இங்க படுத்துக்கிறேன், தொல்லை விட்டுச்சு."

அவள் சிவப்பு விளக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகம் கோணிவிட்டது. "அம்மாவைப் பார்த்தது போதாதா எனக்கு? உங்களையும் அப்படிப் பார்க்கணுமா?"

என் தோளிலிருந்து மெத்தையைப் பறித்து, தரையில் இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். தன் தலையணையை எடுக்கக்கூட அவள் திரும்பி வரவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.