வியாசர்பாடி பீம்ராவின் இரண்டு குதிரைகள்

வேலை முடிந்து வந்ததும் பீம்ராவ் முதலில் துப்பாக்கியைத்தான் கவனிப்பார். கை கழுவுவது, டீ குடிப்பது எல்லாம் அப்புறம். தரையில் பழைய தினத்தாளை விரித்து, குழலைக் கழற்றி, பட்டாளத்தில் பழகியபடி கயிற்றில் துணி கட்டி உள்ளே விட்டு இழுப்பார். பிறகு தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு. எண்ணூர் வரைக்கும் வேனில் போய் வருகிற ஆள். கடல் காற்று இரும்பின் மேல் ஒரு ராத்திரி உட்கார்ந்தால் போதும், காலையில் செம்பட்டையாகப் பூத்திருக்கும்.

"எனக்கு முட்டி வலிக்குதுன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன், ஒரு நாளாச்சும் தைலம் தேச்சு வுட்டிருப்பியா?" என்பார் மனைவி பூவம்மா. "அத்துக்கு மட்டும் தெனிக்கும் எண்ணெ."

"நீ துருப் புடிக்க மாட்டே பூவம்மா."

பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தார். அந்த வேலைக்குச் சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் வேண்டும். ராயபுரத்தில் ரோஸ்மேரி அம்மாவிடம், அவர் கணவர் இறந்த பிறகு, முறைப்படி எழுதி வாங்கிய இரட்டைக் குழல் இது. ஒவ்வொரு குழலுக்கும் பின்னால் குட்டிச் சுத்தியல் மாதிரி ஒன்று நிற்கும். அதற்குக் குதிரை என்று பெயர். சுடுவதற்கு முன் அதைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். விசையை அழுத்தினால் குதிரை பாய்ந்து ஊசியைத் தட்டும், ஊசி தோட்டாவைத் தட்டும். புதுத் துப்பாக்கிகளில் இந்தச் சமாசாரமெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டுவிட்டது. பீம்ராவின் துப்பாக்கியில் இரண்டு குதிரையும் வெளியே, காதைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அதுதான் சிக்கலாகப் போயிற்று. ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய துப்பாக்கிகளைக் கிளை மேலாளர்கள் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், சந்தேகம் இருந்தால் அந்தக் காவலரை வேனிலிருந்து இறக்கிவிட வேண்டும். இறக்கிவிட்டால் கொருக்குப்பேட்டை குடோன் வாசலில் கம்புடன் நிற்கிற வேலை. சம்பளம் பாதி. ஐம்பத்திரண்டு வயதில் இனிமேல் புதுத் துப்பாக்கி வாங்க பீம்ராவால் ஆகாது.

தண்டையார்பேட்டை அலுவலகத்தில் மேலாளர் கருணாகரன் துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். காசிமேட்டுக்காரர், நல்ல மனிதர்தான், பயந்தவர். "இன்னாண்ணே இது, மியூசியத்துல வெக்கிற சாமான். ரோட்ல எவனாச்சும் மடக்கினா, இது வெடிக்கும்னு நான் எப்டி எழுதித் தர்றது?"

"பூஜ முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம எண்ணூர்ல போட்டி கீது சார். வந்து பாருங்க. இந்தத் துப்பாக்கிதான்."

"இன்னா போட்டி?"

"கௌபாய் போட்டி."

கருணாகரன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "கௌபாய்க்குக் குதிர வேணாமா?"

"இதுலயே ரெண்டு குதிர கீது சார்."

"சரி, வரேன். ஒரு தபா மக்கர் பண்ணாலும் கையெழுத்து கெடையாது. சொல்ட்டேன்."

ரோஸ்மேரி அம்மா செயலாளராக இருக்கும் துப்பாக்கி சுடும் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை நடத்துகிற போட்டி அது. வெளியே குதிரை வைத்த பழைய துப்பாக்கிகளுக்கு மட்டுமே அனுமதி. ஆறு இரும்புத் தகடுகளை நிறுத்தியிருப்பார்கள். இரண்டு இரண்டு தோட்டாவாகப் போட்டு ஆறையும் சாய்க்க வேண்டும், யார் சீக்கிரம் என்பது கணக்கு. தலையில் தொப்பி கட்டாயம், ஒரு பட்டப்பெயரும் கட்டாயம். பீம்ராவுக்குத் தன் கணவரின் பனையோலைத் தொப்பியைக் கொடுத்து, 'வியாசர்பாடி பீம்' என்று பெயரும் எழுதிக்கொண்டது ரோஸ்மேரி அம்மாதான்.

பீம்ராவ் மாதம் ஒரு முறைதான் குதிரைகளையும் ஊசிகளையும் கழற்றித் துடைப்பார். போட்டிக்காக அதை முந்தின ஞாயிறே செய்து முடித்தார். புதன்கிழமை ஆயுத பூஜை. பீம்ராவ் வீட்டில் புத்தர் படமும் அம்பேத்கர் படமும் உண்டு, பூஜை கிடையாது. அலுவலகத்தில் உண்டு. வேன்களுக்கு வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், மேசையில் வரிசையாகப் பதினோரு துப்பாக்கிகள். கருணாகரன் கிண்ணத்தில் சந்தனத்தை நீர்க்கக் குழைத்து, ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தார். பீம்ராவின் துப்பாக்கியின் முறை வந்ததும், குதிரைகள் வெளியே தெரிந்ததாலோ என்னவோ, இரண்டு நெற்றியிலும் தாராளமாகவே அப்பினார்.

மேலாளர் முன்னால் அதை அழிக்க பீம்ராவுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணெய்த் துணியால் நன்றாகத் துடைத்தார். தெரிந்த இடத்தில் எல்லாம் போயிற்று. தண்ணீருக்கும் துருவுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. சந்தனம் என்ன செய்யும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அது வழிந்து ஊசித் துளைக்குள் இறங்கி, மூன்று நாளில் சாந்து மாதிரி இறுகிப்போனது அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூடிக் கிடக்கும் ஆலை ஒன்றின் பின்னால், மண் மேட்டுக்கு முன்பு தகடுகள் நின்றன. டாக்டர்கள், எஸ்டேட்காரர்கள் என்று ஒன்பது பேர். கருணாகரன் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். ரோஸ்மேரி அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கையில் கடிகாரத்துடன் கத்தினார்: "வியாசர்பாடி பீம்! தொப்பிய நேராப் போடு மேன், சர்பத் விக்கவா வந்த? ரெடி... கோ!"

பீம்ராவ் தோட்டாக்களைப் போட்டு மூடினார். குதிரைகளை இழுத்தார். முதல் தகட்டைக் குறி பார்த்து விசையை அழுத்தினார்.

டக்.

அவ்வளவுதான். கருணாகரன் தலையிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

பீம்ராவ் அசையவில்லை. வெடிக்காத தோட்டா சில சமயம் தாமதித்து வெடிக்கும். குழலை இலக்கைவிட்டு விலக்கக் கூடாது, திறக்கவும் கூடாது. பட்டாளத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு...

"மேன், டைம் ஓடுது!"

அவர் முப்பது வரைக்கும் எண்ணினார். வேலை போயிற்று என்று பத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்காக மிச்சம் இருபதை எண்ணாமல் விட்டுவிட முடியுமா? முப்பது ஆனதும் துப்பாக்கியைத் திறக்காமல், தோளிலிருந்து இறக்காமல், கட்டைவிரலால் அதே குதிரையை மறுபடி பின்னுக்கு இழுத்தார். அழுத்தினார்.

தகடு மல்லாந்தது. அடுத்தது ஒன்றும் தகராறு செய்யவில்லை. ஆறு குண்டு, ஆறு தகடு.

கருணாகரன் பக்கத்தில் வந்தார். "மக்கர் பண்ணிச்சே அண்ணே."

"பண்ணிச்சு சார்." பீம்ராவ் சப்பைக்கட்டு கட்டவில்லை. தினத்தாளை விரித்து அங்கேயே உட்கார்ந்து, தகராறு செய்த பக்கத்து ஊசியைக் கழற்றித் தாளில் தட்டினார். முதல் தட்டில் நொறுங்கிய சாந்து மஞ்சள் பொடியாக உதிர்ந்தது.

ரோஸ்மேரி அம்மா குனிந்து முகர்ந்தார். "சாண்டல்வுட்! எவன் மேன் என் ஹஸ்பண்ட் துப்பாக்கிக்கு மேக்கப் போட்டது?"

பீம்ராவ் குனிந்தபடியே துணியை மடித்துக்கொண்டிருந்தார். கருணாகரன் ஒரு சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகம் மெல்ல மாறியது.

"அண்ணே," என்றார், குரலைத் தணித்து. "இது ரெண்டாவது தபா இழுத்ததும் வெடிச்சிடுச்சு. உள்ள குதிர இருக்கிற துப்பாக்கின்னா?"

"தொறந்து மூடினாத்தான் குதிர மறுபடி ஏறும் சார். ரோட்ல மடக்கினவன் அதுக்குக் காத்துகினு இருக்க மாட்டான்."

"மிச்சம் பத்துக்கும் நான்தானே வெச்சேன்."

"ஆமா சார்."

வீட்டில் பூவம்மா கேட்டார், "எத்தினியாவது வந்தே?"

"ஒம்போது பேர்ல எட்டாவது."

"அந்த ஒம்போதாவது யாரு?"

"ஒரு டாக்டரு. தொப்பி காத்துல பறந்துச்சு, புடிக்க ஓடிட்டாரு."

பூவம்மா சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்தினார். "வேல?"

"காலைல வெள்ளன வரச் சொல்லிக்கீறாரு. எண்ணெயும் எடுத்துகினு."

திங்கட்கிழமை வேன்கள் கிளம்புவதற்கு முன் மற்ற காவலர்களை உட்காரவைத்து, அவரவர் துப்பாக்கியை அவரவர் கையாலேயே திறக்க வைத்தார் பீம்ராவ். எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னது மட்டும் அவர். நான்கு துப்பாக்கிகளில் சந்தனம் உள்ளே இறங்கியிருந்தது. கருணாகரன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு படிவத்தை எடுத்து, பீம்ராவ் பெயருக்கு எதிரே 'பழையது. வேலை செய்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருஷத்துக்குத்தான் அண்ணே. அடுத்த வருஷம் மறுபடி பாக்கணும்."

"பாருங்க சார்."

"பூஜைக்கு இன்னா பண்றது? பொட்டு வெக்காம வுட்டா பசங்க ஒத்துக்க மாட்டாங்க."

பீம்ராவ் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகினார். "துப்பாக்கிய பெட்டிக்குள்ள வெச்சுட்டு, பொட்ட பெட்டி மேல வெயிங்க சார்."