ஒரே பலகையில் இரண்டு மணிக்கூடு

கிளிநொச்சிக் குடியேற்றத்தில் எனக்கும் தங்கையின் கணவனுக்கும் ஒரே வாய்க்கால். சனிக்கிழமை காலை தண்ணீர் திறப்பார்கள். பன்னிரண்டு மணி வரை எனக்கு, பிறகு அவனுக்கு. அந்தப் போகம் அவனுடைய நெல் கதிர் வெளிவரப்போகும் குடலைப் பருவத்தில் நின்றது. தண்ணீர் குறைந்தால் அவ்வளவும் பதர்தான்.

ஞாயிறுதோறும் பக்கத்துக் கடை வானொலியில் மணி அடிக்கும்போது இருவரும் வீட்டு ஊசல் மணிக்கூட்டைத் திருத்துவோம். ஆனாலும் சனிக்கிழமை அவன் மண்வெட்டியோடு வந்து நிற்பான்.

"பன்னிரண்டாச்சு மச்சான், தண்ணியை விடு."

"இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு. உன்ரை மணிக்கூடு முந்தி ஓடுது."

என்னுடையது யாழ்ப்பாணத்தில் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வரும். தங்கை வீட்டுக்குப் போவதையே நிறுத்தினேன்.

கடைக்கார நானாவுக்கு எங்கள் சத்தம் தாங்கவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு கதிரைகளின் சாய்மானத்தில் பலகை ஒன்றைக் கட்டி, இரண்டு மணிக்கூட்டையும் திருத்தி அதில் கொளுவினார். "ஒரு கிழமை பாப்பம். ஆரின்ரை மணிக்கூடு பிழையோ அவர் வாயை மூடவேணும்."

மறுநாளே அதிசயம். ஒன்றின் ஊசல் இடப்பக்கம் போக, மற்றது வலப்பக்கம் போனது. அசைவில் எதிரும் புதிருமாக, நேரத்தில் ஒரு நிமிடமும் பிசகாமல். நாங்கள் இருவரும் கதைக்காமல் நிற்க, அவை மட்டும் சம்பந்தம் செய்துகொண்டன. பலகையில் கை வைத்தேன். மெல்ல அதிர்ந்தது.

அடுத்த ஞாயிறு வானொலி மணி அடித்தபோது இரண்டும் ஏழு நிமிடம் பிந்தியிருந்தன. "பாத்தியோ, உன்ரை பிழை" என்றேன். "உன்ரையும்தானே" என்றான். நானா தலையில் கை வைத்துக்கொண்டு இரண்டையும் திருத்தித் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்த என் மணிக்கூடு வெள்ளிக்கிழமைக்குள் வானொலிக்குப் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. அவனுடையது நிமிடம் தவறவில்லை என்று நானா சொன்னார். பலகையின் அந்த அதிர்வு வழியாக என்னுடையதுதான் அதைப் பின்னால் இழுத்திருக்கிறது. அப்படியானால் இவ்வளவு நாளும் அவனுடைய தண்ணீரைக் குடித்தது நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சனிக்கிழமை என் மணிக்கூட்டில் கால் மணித்தியாலம் இருக்கும்போதே வாய்க்காலை அவன் பக்கம் வெட்டிவிட்டேன்.

மண்வெட்டியோடு வந்தவன் ஓடும் தண்ணீரைப் பார்த்தான். "என்ன மச்சான், உன்ரை மணிக்கூடும் முந்தி ஓடத் தொடங்கிட்டுதோ?"

"ஓம், திருத்திப் போட்டன்" என்று பொய் சொன்னேன்.

"அப்ப அதை நானாவின்ரை பலகையில கொளுவாதை. என்ரையைக் கெடுத்தமாதிரி வேற ஆரின்ரையையும் கெடுத்துப்போடும். இரவைக்குச் சாப்பிட வா. தங்கச்சி பாத்துக்கொண்டிருக்கிறா."