மிதிபடகில் ஒரு கடலோடி

ராயபுரத்தில் பிறந்து, அலைச் சத்தம் காதில் விழும் வீட்டிலேயே வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாதது பெரிய குற்றமில்லை. தெரியும் என்று கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லிவைத்து, பதினோரு வருடம் அதைத் திருத்தாமல் விட்டதுதான் குற்றம்.

இரண்டாயிரத்துக்குச் சற்று முன்போ பின்போ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் புழலுக்கு அப்பால் ஓர் ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனோம். நான், மனைவி, எட்டு வயது மகள், காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் மச்சான். எலுமிச்சை சாதமும் வறுத்த மீனும் தீர்ந்ததும் மச்சான் மரத்தடியில் துண்டை விரித்துச் சாய்ந்துவிட்டான். மகள் மிதிபடகைக் காட்டினாள்.

படகுத்துறைக்காரர் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகளை நீட்டினார். "நாங்க ராயபுரம்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

"பாப்பாக்காவது போட்டுவுடு சார்."

"அப்பன் கூட இருக்கேன்ல?"

மனைவி பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனையும்.

நடு ஏரி வருவதற்குள் என் முழங்கால் விட்டுப்போயிற்று. நல்லவேளை, காற்று எழும்பியிருந்தது. மதியத்துக்கு மேல் வருவது கடற்காற்று. கட்டுமரத்தைத் தானாகவே கரையில் கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். "மிதிக்காத கண்ணு, காத்தே கொண்டுபோய் விடும்" என்று மகளுக்குப் பாடம் நடத்தினேன்.

சற்று நேரத்தில் கரையில் நின்ற மனைவி தீப்பெட்டி உயரத்துக்குச் சுருங்கியிருந்தாள். கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ராயபுரத்தில் கரை மேற்கே. இங்கே படகுத்துறை இருந்ததோ ஏரியின் கிழக்குக் கரையில். கடலைப் பற்றி நான் படித்த அத்தனை புத்தகங்களிலும் இந்த ஒரு விவரம் இல்லை.

பதறி மிதித்ததில் சங்கிலி கழன்றது. மிதி வெறுமனே சுற்றியது. கால் விரலில் சில்லென்றது, அடித்தட்டில் விரிசல். மகள் கையோடு கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸின் மூடியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். மொண்டதைவிட அதிகமாக அலை உள்ளே போட்டது.

"அப்பா, கவுந்துட்டா என்னைத் தூக்கிட்டு நீந்துவல்ல?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை நம்பி அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் போவோம்.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியாதும்மா. கவுந்தா என்னைப் பிடிக்காத. படகைப் பிடிச்சுக்க."

மூடி அந்தரத்தில் நின்றது. மகள் அழவில்லை. "அம்மாகிட்ட சொல்லிட்டியா?" என்றாள். பிறகு இரண்டு மடங்கு வேகமாக மொண்டாள். நான் செருப்பால் மொண்டேன்.

கரையில் விசில் கேட்டது. ஒரு துடுப்புப் படகு எங்களை நோக்கிக் கிளம்பியது. துடுப்பு போட்டவன் மச்சான். அவன் வந்து சேர்ந்தபோது தண்ணீர் எங்கள் கணுக்காலைத் தாண்டியிருந்தது. முதலில் மகளைத் தூக்கி ஜாக்கெட் மாட்டினான். பிறகு என்னை, மீன் பெட்டி இறக்குவதுபோல் இழுத்துப் போட்டான்.

கரையேறியதும் மகள் முதல் வேலையாக அம்மாவிடம் சொன்னாள். மனைவி முந்தானையால் தலையைத் துவட்டினாள், மகளுடையதை மட்டும்.

யாரிடமாவது நியாயம் கேட்க வேண்டுமே என்று மச்சானிடம் காற்றைக் குறை சொன்னேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"காத்து கரெக்டாத்தான் மாமு வந்துகினு கீது. நேத்துகூட நான் அதுலதான் வூடு வந்தேன். நீதான் தப்பு கரையில ஏறிக்கினே."